அதட்டலை இடம் மாற்றுங்கள்

சின்னக் குழந்தைகளோடு யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கப் புறப்படும் தமிழ்ப் பெற்றோருக்கு,



பள்ளிக்கூடத்துக்கு வசந்தகால விடுமுறை விட்டதும் டெக்சஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் இந்தப் பக்கம் வருகிறீர்கள். வண்டியின் பின்பக்கம் ரைஸ் குக்கர், ஐஸ் பெட்டியில் தயிர், முன் சீட்டில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா. ஸயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஐந்தே நாளில் முடித்துவிடும் அட்டவணை செல்பேசியில் தயாராக இருக்கிறது. நான் இந்த மாநிலத்திலேயே குடியிருப்பவள், பிள்ளைகளை இந்தப் பாறைகளில் ஏறவிட்டு வளர்ப்பவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்டால் காது தானாகத் திரும்பிவிடும். காதில் விழுவது பெரும்பாலும் அதட்டல்தான். "மண்ணைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" "ஷூவுக்குள்ள மணல் போகுது பாரு." "அந்தக் கல்லைக் கீழே போடு." ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதே குரல் சொல்லும்: "அந்த ஓரத்துல போய் நில்லுடா கண்ணா, அப்பா ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்." அந்த ஓரத்துக்குக் கீழே அறுநூறு அடி இருக்கும். சில இடங்களில் இரண்டாயிரம்.

எங்கே விடலாமோ அங்கே இறுக்கிப் பிடிக்கிறோம், எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே விட்டுவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம்.

முதலில் மணல். ஆர்ச்சஸ் பூங்காவில் சாண்ட் டூன் ஆர்ச் என்று ஓர் இடம் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் போதும். சுவர் மாதிரி நிற்கும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நுழைந்தால் உள்ளே நிழல், கணுக்கால் புதையும் அளவுக்கு மணல், ஒரு மூலையில் வளைவு. வெளியே பாறை சுடும்போதும் உள்ளே மணல் குளிர்ந்திருக்கும். பெரியவர்கள் வளைவைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், "சரி, அடுத்தது" என்பார்கள். குழந்தைகள் வளைவை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். டெலிகேட் ஆர்ச்சுக்குப் போக வர மூன்று மைல், நிழலே இல்லாத பாறைச் சரிவு வேறு. நாலு வயதுப் பிள்ளையை அழ அழ இழுத்துக்கொண்டு போய் எடுத்து வரும் புகைப்படத்தைவிட அரை நாள் மணல் மேல்.

இந்த ஊர் மணலும் சாதாரண மணல் இல்லை. ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த வட்டாரம் முழுக்க மணற்குன்றுகள் கிடந்தன. அவை புதைந்து, இறுகி, நவஹோ மணற்கல் என்ற பாறையாயின. ஸயானின் செங்குத்துச் சுவர்கள் அந்தப் பாறைதான். சுவரில் சாய்வாக ஓடும் கோடுகளைக் காட்டுங்கள், காற்று அன்று மணலை எந்தச் சரிவில் கொட்டியது என்பதற்கான தடயம் அது. இப்போது அந்தப் பாறை உதிர்ந்து மறுபடி மணலாகிக்கொண்டிருக்கிறது. டைனோசர் பைத்தியம் பிடித்த வயதில் ஒரு பிள்ளை இருந்தால் சொல்லிப் பாருங்கள், டைனோசர் காலத்து மணலை அள்ளி விளையாடுகிறாய் என்று. பொய்யில்லை. அதற்கப்புறம் ஷூவுக்குள் மணல் போவதைப் பற்றி நீங்கள் பேச முடியாது.

காப்ளின் வேலியும் இதே ரகம். தேசியப் பூங்கா அல்ல, மாநிலப் பூங்கா. அதனாலேயே பலருடைய பட்டியலில் வருவதில்லை. ஆளுயரத்துக்கும் அதற்கு மேலும் காளான் காளானாகப் பாறைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும் பள்ளம். உள்ளே குறித்துவைத்த பாதை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். கண்ணாமூச்சி விளையாட இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. ஆனால் விளையாட விடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு விசில் மாட்டுங்கள். வழி தெரியவில்லையென்றால் தேடி நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும் என்று சொல்லுங்கள். அதைப் பூங்காவில் போய்ச் சொன்னால் காதில் ஏறாது. முதல் நாள் ராத்திரி மோட்டல் அறையில் ஒருமுறை ஊதவிட்டுப் பழக்குங்கள், பக்கத்து அறைக்காரர் மன்னிப்பார்.

அங்கே இன்னொரு விதி, பாறையைத் தள்ளக் கூடாது. 2013 அக்டோபரில் அப்படி ஒரு பாறையைத் தள்ளி வீழ்த்தி, சிரித்துக் கொண்டாடி, வீடியோவும் எடுத்து வெளியிட்டவர்கள் குழந்தைகள் அல்ல. சாரணச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பெரியவர்கள். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழவழப்பான மணற்கல் சரிவில் குழந்தை பல்லி மாதிரி ஏறிவிடும். ஏறிய இடத்திலிருந்து இறங்கத்தான் தெரியாது. "ஏறாதே" என்று தடுத்தால் நீங்கள் பார்க்காத நேரத்தில் ஏறும். அதற்குப் பதிலாக, இறங்க முடிந்த உயரம் மட்டும்தான் ஏறலாம் என்று விதி வையுங்கள். உட்கார்ந்தபடி, உள்ளங்கையை ஊன்றி, தேய்த்துத் தேய்த்து இறங்கச் சொல்லிக்கொடுங்கள். கால்சட்டையின் பின்பக்கம் சிவப்பாகும், கிழிந்தாலும் கிழியும். பழையதாகக் கொண்டு வாருங்கள்.

இனி இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வானம்.

இந்த ஊரில் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது ஸ்லாட் கேன்யன் எனப்படும் இடுக்குப் பள்ளத்தாக்கு. கை இரண்டையும் நீட்டினால் இருபக்கச் சுவரும் தட்டும், தலைக்கு மேலே வானம் ஒரு கீற்றாகத் தெரியும். அந்தச் சுவர்களை வளைத்து வளைத்துச் செதுக்கியது வெள்ளம். இன்னும் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே மழைநீர் இறங்குவதற்கு மண் அதிகம் கிடையாது, பெருமளவு வெறும் பாறை. பெய்த மழை அப்படியே வழிந்து ஓடி, பல மைல் பரப்பின் தண்ணீர் ஓர் இடுக்கில் வந்து சேரும். குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு இது புரியும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே காட்டில் கொட்டியிருக்கும், அருவி நிறம் மாறியதும் போலீஸ்காரர் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றுவார். இந்த இடுக்குகளில் விசிலடிக்க ஆள் கிடையாது.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில், பேஜ் என்ற ஊருக்கருகே உள்ள லோயர் ஆண்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் போனார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேலே அல்ல, மைல்களுக்கு அப்பால். இன்று அங்கே வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேன்யனில் முறையாக அனுமதிச்சீட்டு வாங்கி இறங்கிய 7 பேர் இறந்தார்கள். அதே நாளில், யூட்டா–அரிசோனா எல்லையில் உள்ள ஹில்டேலில் வண்டிகளில் இருந்த தாய்மாரும் குழந்தைகளுமாக 13 பேரை வெள்ளம் பலிகொண்டது. அவர்கள் எந்தப் பள்ளத்தாக்கிலும் இறங்கவில்லை. ஊருக்குள், வண்டிக்குள் இருந்தார்கள்.

ஆகவே இது சாகசக்காரர்களுக்கு மட்டுமான எச்சரிக்கை என்று கடந்து போய்விடாதீர்கள். வேகமாக ஓடும் ஆறு அங்குலத் தண்ணீர் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும் என்று தேசிய வானிலைச் சேவை சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஓர் அடித் தண்ணீர் சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு போகும். சாலை குறுக்கே ஓடை பாய்ந்தால் நிறுத்தி, திரும்பி, மேட்டுக்குப் போங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மோட்டலுக்குக் கட்டிய பணம் போகட்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இங்கே பிற்பகல் இடிமழைக் காலம். காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் மேகம் திரளும். ஸயான் பூங்காவில் அன்றைய வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் சொல்வார்கள்: எதிர்பார்க்கவில்லை, வரலாம், வரும் வாய்ப்பு அதிகம், வரும். வளர்ந்தவர்கள் மட்டும் போகும்போது "வரலாம்" என்ற நாளில் என்ன செய்வது என்பது அவரவர் பாடு. குழந்தை கூட இருந்தால் "வரலாம்" என்றாலே இடுக்கில் கால் வைக்கக் கூடாது. நாலு வயதுக் கால்களை வைத்துக்கொண்டு சுவரில் ஏறித் தப்ப முடியாது. உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், குச்சியும் சருகும் மிதந்து வந்தால், தூரத்தில் லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்டால், பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். உயரமான இடம் எதுவோ அங்கே ஏறுங்கள்.

இடுக்கைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்கலாண்ட்டே பக்கம் ஸ்பூக்கி என்று ஒரு கேன்யன் இருக்கிறது. சில இடங்களில் அகலம் பத்து அங்குலம்தான். குழந்தை முயல் மாதிரி ஓடிவிடும், முதுகுப்பையோடு வரும் அப்பா மாட்டிக்கொள்வார். முன்னால் போன குழந்தை கூப்பிட்டால் எட்டிப் பிடிக்க முடியாது. இடுக்கு எதுவானாலும் பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் நடுவில். ஒரே பெரியவர்தான் என்றால் அகலமான இடத்தோடு திரும்பிவிடுங்கள்.

அடுத்தது ஓரம். டெட் ஹார்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் நின்றால் கொலராடோ ஆறு இரண்டாயிரம் அடிக்குக் கீழே தெரியும். இங்கே எல்லா ஓரத்திலும் கம்பி வேலி இல்லை, போடவும் மாட்டார்கள். மணற்கல்லின் மேல் பொடி மணல் படிந்திருக்கும், அதில் ஷூ வழுக்கும். ஓரத்துக்கு ஆறடி முன்னாலேயே கையைப் பிடித்துவிடுங்கள். விளிம்பை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் குப்புறப் படுத்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களும் சேர்த்து. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். படம் வேண்டுமா, உள்ளே தள்ளி நிற்க வைத்து எடுங்கள். பின்னணியில் பள்ளத்தாக்கு விழத்தான் செய்யும்.

வெயிலில் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ஒரே கவலை, பேத்தி கறுத்துவிடுவாள் என்பது. கறுப்பது ஒரு விஷயமே இல்லை, தோல் சுடுவதுதான் விஷயம், நம் தோலும் சுடும். மோஆப் ஊரிலும் ஸயானிலும் கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். காற்று வறண்டது, வியர்வை வந்ததும் உலர்ந்துவிடும். பிள்ளைக்கு வியர்க்கவில்லை, அதனால் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணீர் என்பது இங்கே பொதுக் கணக்கு. தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். நம் முறுக்கும் புளியோதரையும் எலுமிச்சை சாதமும் இதற்கென்றே செய்ததுபோல. தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

கைக்குழந்தையை முதுகுத் தொட்டிலில் சுமப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நடப்பது நீங்கள், உட்கார்ந்திருப்பது குழந்தை. காலை நேரத்தில் உங்களுக்கு வியர்க்கும்போது அதற்குக் குளிரும். மதியம் தொங்கும் கால்கள் இரண்டும் நேர் வெயிலில் கிடக்கும், முதுகுக்குப் பின்னால் இருப்பதால் உங்கள் கண்ணில் படாது. மெல்லிய முழுக்கால்சட்டை போடுங்கள். வளைவுக்குக் கீழே குனியும்போது உங்கள் தலை தப்பிக்கும், பின்னால் கொஞ்சம் உயரத்தில் இருக்கும் தலை இடிக்கும். முழங்காலை மடக்கி இறங்குங்கள்.

பிரைஸுக்கு ஒரு தனிக் கணக்கு. மலை என்றால் ஏறிக் களைத்தபின் இறங்குவோம். பிரைஸில் விளிம்பு எட்டாயிரம் அடி உயரத்தில், பாதையோ அங்கிருந்து கீழே. பிள்ளைகள் துள்ளிக்கொண்டு இறங்குவார்கள். களைத்துப்போன பிறகு காற்று மெலிந்த உயரத்தில் அறுநூறு அடி ஏற வேண்டும். கடைசியில் இரண்டு பிள்ளைகளையும் அப்பா தோளில் சுமந்து வரும் காட்சியை அங்கே தினமும் பார்க்கலாம். "இன்னும் கொஞ்சம் கீழே போகலாம்பா" என்று பிள்ளை கெஞ்சும் இடத்தில் திரும்புங்கள்.

தண்ணீர் விளையாட்டுக்கு ஸயானின் ரிவர்சைட் வாக் நல்லது. ஷட்டில் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆற்றோரமாக ஒரு மைல் சமதளப் பாதை. எட்வர்ட் ஆபி என்ற எழுத்தாளர் 1950களில் ஆர்ச்சஸில் ரேஞ்சராக இருந்தவர், பூங்காக்களுக்குள் கார்களே வரக்கூடாது என்று எழுதித் திட்டித் தீர்த்தவர். ஸயான் பள்ளத்தாக்கில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி பஸ்தான். அவர் திருப்திப்பட்டிருப்பாரோ என்னவோ, என் பிள்ளைகளுக்குப் பள்ளத்தாக்கைவிட அந்த பஸ் பிடிக்கும். ஆற்றில் கால் நனைக்கலாம். ஆனால் 2020 முதல் வர்ஜின் ஆற்றில் நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் தென்பட்டு வருகிறது. பூங்காவின் எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். தலையை முக்குவதும் ஒரு வாய் குடிப்பதும் எந்த நாளும் வேண்டாம்.

மண்ணைத் தொடலாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். தொடக்கூடாத மண்ணும் ஒன்று உண்டு. பாதையை விட்டு விலகினால் கறுத்து, மேடும் பள்ளமுமாக, சின்னக் கோபுரங்கள் நிற்பதுபோல் மண் தெரியும். அது அழுக்கு மண் அல்ல, உயிருள்ள மேல்தோல். சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணல் துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. காற்றில் மணல் பறக்காமல் இருப்பதும் செடி வேர் பிடிப்பதும் அதனால்தான். ஒரு மிதியில் நொறுங்கிவிடும். திரும்ப உருவாகப் பத்தாண்டுகள், சில இடங்களில் அதற்கும் பல மடங்கு ஆகும். குழந்தைக்கு இதை விளக்குவது சுலபம்: பாறையில் நடக்கலாம், வறண்ட ஓடை மணலில் நடக்கலாம், பாதையில் நடக்கலாம், கறுப்பு மண்ணில் மட்டும் கால் படக் கூடாது. தரையில் எரிமலைக் குழம்பு ஓடுகிறது என்று விளையாடும் வயதுதானே, சொல்லாமலே தாண்டித் தாண்டிப் போவார்கள். காலை வைத்துவிட்டுப் படத்துக்கு நிற்பவர்கள் பெரியவர்கள்தான்.

மழை பெய்து சில நாளில் வந்தால் பாறைக் குழிகளில் தேங்கிய நீரைக் குனிந்து பாருங்கள். நகத்தளவு இறால் போன்ற உயிர்கள் தலைகீழாக நீந்திக்கொண்டிருக்கும். அவற்றின் முட்டைகள் உலர்ந்த குழியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மழை விழுந்ததும் பொரிபவை. என் மகள் மூக்கு நனைகிற தூரத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பாள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. கையில் தடவிய சன்ஸ்கிரீன் அந்தச் சிறு குழியைக் கெடுத்துவிடும் என்று ரேஞ்சர் சொன்னதிலிருந்து அப்படி. நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள். அதனால்தான் சொல்கிறேன், போனவுடனே பூங்கா அலுவலகத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். படம் வரைந்து, கேள்விக்குப் பதில் எழுதி, ரேஞ்சர் முன்னால் கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னால் பேட்ஜ் கிடைக்கும். அதற்கப்புறம் அதட்டும் பொறுப்பை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பாறை ஓவியத்தைத் தொடப் போனால் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

டயப்பர் விஷயம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமலும் முடியவில்லை. இந்த வறட்சியில் எதுவும் மக்காது. புதைத்தாலும் காற்று வெளியே கொண்டுவந்து போட்டுவிடும். ஜிப் பை இரண்டு அடுக்காகப் போட்டு மூடி, திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஐந்து பூங்கா அட்டவணைக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் கேப்பிட்டல் ரீஃப் ஒன்று போதும், அதுவும் அதற்குள் இருக்கும் ஃப்ரூட்டா என்ற பகுதியில். 1880களில் குடியேறிய மோர்மன் குடும்பங்கள் ஆற்றோரம் நட்ட பழத்தோட்டங்களைப் பூங்காக்காரர்கள் இன்றும் பராமரிக்கிறார்கள். பக்கத்திலேயே, சாலையோரப் பாறைச் சுவரில், அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால் அங்கே வாழ்ந்த ஃப்ரிமாண்ட் மக்கள் செதுக்கிய மனித உருவங்களும் ஆடுகளும் இருக்கின்றன. கிராண்ட் வாஷ் என்ற வறண்ட ஓடை சமதளமாக, பெரிய சுவர்களுக்கு நடுவே போகும். பிள்ளைக்கு அலுக்கும் இடத்தில் திரும்பிவிடலாம். தாத்தாவுக்கு நடக்க முடியாதென்றால் மர நிழலில் நாற்காலி போட்டுக் கொடுங்கள், கூடவே வானிலை பார்க்கும் பொறுப்பையும். மேற்கே மேகம் கட்டுகிறதா என்று பார்க்க மழைக்குக் காத்திருந்து பழகிய கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூனில் செர்ரி, ஜூன் கடைசியில் ஏப்ரிகாட், ஆகஸ்டில் பீச், செப்டம்பரில் ஆப்பிள். பூக்கும் சமயம் பனி கொட்டிய ஆண்டில் பழம் குறைவாக இருக்கும் அல்லது இருக்காது, கேட்டுக்கொண்டு வாருங்கள். பீச் பழுக்கும் ஆகஸ்ட் வெள்ளக் காலம், அப்போது தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேகம் இருந்தால் ஓடைப் பக்கம் வேண்டாம். பறிப்புக்குத் திறந்த தோட்டத்தில் நின்றபடி தின்பதற்குக் காசு கிடையாது. எடுத்துப் போவதை மட்டும் அங்கேயே இருக்கும் தராசில் எடைபோட்டு, நீங்களே கணக்குப் பார்த்துக் காசு கட்ட வேண்டும். பறிக்கும் கோலும் ஏணியும் அங்கேயே கிடக்கும். பிள்ளைகளையே ஏணியில் ஏறிப் பறிக்க விடுங்கள். ஏணியை மட்டும் யாராவது கீழே பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
யூட்டாவிலிருந்து உங்களில் ஒருத்தி